கிழக்கே இருந்து வந்த தண்ணீர்

1

இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷம் நிறைந்த வாரத்தில் நகராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாழ்த்துக் கடிதம் என்று நினைத்து ஆசையாகப் பிரித்தேன். இருபது வருஷத்துக்குப் பிறகும் இப்படி நினைக்கிற ஆளை என்ன சொல்ல? உங்களைப் பற்றிய விவரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகவும் என்று எழுதியிருந்தது.

ஹாலந்தில் கடலை ஒட்டிய ஒரு சின்ன ஊர் இது. அலுவலகத்தில் கூட்டமே இல்லை. இருந்தும் டோக்கன் எடுத்துவிட்டு உட்கார வேண்டும். என்னைத் தவிர யாரும் இல்லாத அறையில் என் எண்ணைக் கூப்பிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண்மணி திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். பெயர் சரி. குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர். அது பழகிவிட்டது. இங்கே எல்லாருக்கும் நான் 'மிஸ்டர் அருள்தாஸ்'தான். மதுரைக்கு வடக்கே கால் வைக்காத என் அப்பாவை, அவர் போய்ச் சேர்ந்த பிறகு, ஹாலந்தில் பல் டாக்டரும் வரி அலுவலகமும் மாறி மாறிக் கூப்பிடுகிறார்கள்.

பிறந்த ஊர் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று இருந்தது.

"தெரியுமே. கொட்டாரம்" என்றேன். அவர் கணினியின் பட்டியலில் தேடினார். இல்லை. பக்கத்தில் பெரிய ஊர் எது என்றார். கன்னியாகுமரி என்றேன். அதுவும் இல்லை. அப்படியானால் இப்போது இருப்பதே இருக்கட்டும், அதனால் உங்களுக்கு ஒரு இடைஞ்சலும் வராது என்று மிகுந்த அன்போடு சொன்னார். எனக்குச் சுள்ளென்று வந்தது. ஆனால் கோபப்படுகிற அளவுக்கு இந்த ஊர் மொழி எனக்கு இன்னும் கைவரவில்லை. வாய் தடுமாறி இரண்டு தடவை நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அந்த வாரம்தான் அக்கா கூப்பிட்டாள்.

2

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஞானசெல்வம். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். வடசேரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நோட்டுப் புத்தகமும் பேனாவும் விற்கிற கடை வைத்திருக்கிறாள். கடைக்கு மேலே இரண்டு அறை. முப்பது வருஷமாக அங்கேதான் வாடகைக்கு இருக்கிறாள். காலையில் ஐந்து மணிக்கு முதல் பஸ்ஸின் ஹாரன் அவளை எழுப்பும். ராத்திரி கடைசி பஸ் போன பிறகுதான் ஜன்னலைத் திறப்பாள்.

அவளுக்கு வாழ்க்கையில் ஆசை என்று ஒன்று உண்டென்றால் அது வீடு. பெரிய வீடு அல்ல. அவள் சொல்வது இப்படி: "கதவத் தொறந்தா முன்னால பஸ்ஸு நிக்கப்பிடாது மக்கா. அவ்வளவுதான்."

கொட்டாரத்தில் அப்பாவின் வயலில் அவள் பங்கு பன்னிரண்டு சென்ட். வயலுக்கு ஓரமாக, கால்வாயை ஒட்டிக் கிடக்கிறது. அதில் கட்டலாம் என்று முடிவு செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பாஸ்டர் வந்து ஜெபித்து அஸ்திவாரக் கல் போடுவதற்கு நாள்கூடக் குறித்தாயிற்று.

"ஏலே, நீ அங்க இருந்துக்கிட்டு தண்ணி கணக்குதானே போடுதே?" என்றாள்.

"ஆமாக்கா."

"நம்ம எடத்துல மழைக்குத் தண்ணி நிக்குமான்னு ஒருக்கா பாத்துச் சொல்லேன். கொத்தனாரு ஒண்ணு சொல்லுதாரு, பக்கத்து வயல்காரரு ஒண்ணு சொல்லுதாரு. நீ சொன்னா எனக்கொரு சமாதானம்."

இருபது வருஷத்தில் ஊரிலிருந்து என் வேலை சம்பந்தமாக ஒருவர் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நாளைக்கே சொல்கிறேன் என்றேன்.

3

என் வேலை என்னவென்று ஊரில் கேட்டால் 'கம்ப்யூட்டர்' என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். இப்போது தப்பிக்க முடியாது, சொல்லிவிடுகிறேன்.

மழை பெய்தால் தண்ணீர் எங்கே ஓடும், எவ்வளவு உயரத்துக்கு நிற்கும் என்பதற்குச் சமன்பாடுகள் உண்டு. பழைய சமன்பாடுகள்தான். சிக்கல் அவற்றைத் தீர்ப்பதில் இருக்கிறது. நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு நொடிக்கும் தண்ணீர் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று கணினி போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு மழைக்கு அரை நாள் ஆகும். மழையைக் கொஞ்சம் மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து இன்னொரு அரை நாள்.

இப்போது வந்திருக்கும் முறைக்கு 'நியூரல் ஆபரேட்டர்' என்று பெயர். அது கணக்கைப் போடுவதில்லை. ஏற்கெனவே பொறுமையாகப் போட்டு முடித்த ஆயிரக்கணக்கான கணக்குகளை அதற்குக் காட்டுகிறோம். இந்த நிலம், இந்த மழை, இந்த வெள்ளம்; அந்த நிலம், அந்த மழை, அந்த வெள்ளம். பார்த்துப் பார்த்து, கேள்வியிலிருந்து விடைக்குப் போகிற வழியையே அது கற்றுக்கொள்கிறது. பிறகு புதிதாக ஒரு மழையைக் கொடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் வெள்ளத்தைக் காட்டிவிடும்.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. இதைச் சின்ன வயதிலேயே வடசேரியில் பார்த்திருக்கிறேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது தாய்மார்கள் கடையில் நோட்டுப் புத்தகங்களைக் குவித்துவிட்டு, அட்டை போட எத்தனை பிரவுன் தாள் வேண்டும் என்று கேட்பார்கள். அக்கா ஒரு புத்தகத்தையும் எண்ண மாட்டாள். குவியலைப் பார்ப்பாள், பதினாலு என்பாள். பதினாலுதான் இருக்கும். அத்தனை குவியல் பார்த்த கண்.

ஆனால் அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. கண் சொன்ன எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கவிழ்த்து வைப்பாள். பிறகு எண்ணுவாள். அதற்குப் பிறகுதான் சீட்டைத் திருப்புவாள். ஒரு வருஷம் புதிதாகத் திறந்த பள்ளிக்கூடம் ஒன்று நீளநீளமான நோட்டுகள் கேட்டபோது, சீட்டுக்கும் எண்ணிக்கைக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. அன்றைக்கு அவள் சிரித்துக்கொண்டே சீட்டைக் கிழித்துப் போட்டாள்.

அவளிடமிருந்து நான் முதல் பாதியை மட்டும்தான் எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது.

4

மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில், ஒரு கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு அக்காவின் வீட்டைப் பற்றித் தீர்ப்பு எழுதினேன்.

செயற்கைக்கோள் எடுத்த மேடுபள்ள வரைபடத்தைச் சதுரமாக வெட்டினேன். மேற்கு ஓரம் பழையாற்றை ஒட்டி வந்தது. கொட்டாரம் கிழக்கு ஓரத்தில் விழுந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வரக்கூடிய ஒரு கனத்த மழையை எங்கள் அலுவலகத்தில் பழக்கிய முறைக்குக் கொடுத்தேன். ரொட்டியை ஒரு கடி கடிப்பதற்குள் படம் வந்துவிட்டது. அக்காவின் பன்னிரண்டு சென்ட் முழுக்க நீலம். இடுப்பளவுத் தண்ணீர். அது கிழக்கே கடல் பக்கத்திலிருந்து உள்ளே வந்திருந்தது.

எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. கடல்தானே, வரும் என்று தோன்றியது. சுனாமி வந்தபோது நான் பெங்களூரில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். புயல் வந்தபோது இங்கே போன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஊர்க் கடல் என்றால் அந்தப் படங்கள்தான்.

உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அங்க கட்டாத."

"என்னலே, எடுத்த எடுப்புல?"

"தண்ணி வருதுக்கா. இடுப்பளவுக்கு வருது. போட்டுப் பாத்துட்டேன்."

"நல்லா பாத்தியா?"

"என் வேலையே அதானக்கா."

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. பிறகு, "செரி மக்கா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். அன்றைக்கே பாஸ்டருக்கும் கொத்தனாருக்கும் சொல்லிக் கல் போடுவதை நிறுத்திவிட்டாள். என்னிடம் வருத்தப்பட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை வெள்ளத்திலிருந்து காப்பாற்றிவிட்டதாக எனக்கு அன்று பெருமையாகவே இருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

5

என் மகள் ஷைனிக்குப் பதினாறு வயது. தமிழ் புரியும். பேசுவாள், ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் இந்த ஊர் மொழியில் கட்டி முடித்துவிட்டு, தமிழ்ச் சொற்களை அதில் அடுக்கிவைப்பாள். இந்த டிசம்பரில் ஊருக்கு வரவில்லை, தோழிகளோடு பனிமலைக்குப் போகிறேன் என்று சொல்லியிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதற்குப் பெயர் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் சாப்பாட்டு மேஜையில், அத்தை வீடு கட்டவில்லை, தண்ணீர் வருமாம் என்று சொன்னேன். அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா, உங்க ஊர்ல எப்பவும் வெள்ளம்தானா இருக்கு?" என்று கேட்டாள்.

"யார் சொன்னா?"

"நீங்கதான். நீங்க காட்டுற வீடியோ எல்லாம் அதானே. ரோடு உடைஞ்சிருக்கும், மரம் விழுந்திருக்கும். நல்லா வெயில் அடிக்கிற வீடியோ ஒண்ணுகூட நீங்க காட்டினது இல்லையே."

நான் போனை எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மை. வெயில் அடிக்கிற அன்றைக்கு ஊரிலிருந்து யாரும் வீடியோ அனுப்புவதில்லை, அனுப்பினாலும் நான் அதை எடுத்து வைப்பதில்லை.

நான் வேண்டாம் என்று சொல்லிப் பத்து நாள் கழித்து அக்கா மறுபடி கூப்பிட்டாள். குரலில் ஒரு தயக்கம்.

"மக்கா, கோவப்படாத. ஒண்ணு கேக்கட்டா? அந்தத் தண்ணி எந்தப் பக்கமா வருது? அந்தப் பக்கம் மட்டும் ஒரு செவரு எழுப்பினா செரியாவுமான்னு நெனச்சுப் பாத்தேன்."

அவள் ஆசையை விடவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"கெழக்க இருந்துக்கா."

"கெழக்கயா?" என்றாள். "கெழக்க வட்டக்கோட்டப் பக்கம் எறக்கம்லா? தண்ணி அந்தால எறங்கிப் போவும். அந்தால இருந்து எப்படிலே ஏறி வரும்?"

"கடல் தண்ணியா இருக்கும்க்கா."

"சுனாமிக்கே கடலு கொட்டாரத்துக்கு வரல்லியே. நீ மழைக் கணக்குதானே போட்டே?"

மழைக் கணக்குதான். கடலை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்க்காத கடல் எப்படி ஏறி வரும்? அதைக் கேட்க வேண்டியவன் நான். பிறகு கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தேன்.

படத்தைத் திறந்து மேற்கு ஓரத்தைப் பார்த்தேன். அங்கே பழையாற்றின் பக்கமாக வெள்ளம் படத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருந்தது. கிழக்கு ஓரத்தில் நேர் எதிரே, அதே வரிசையில், அதே உயரத்தில் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. மேற்கே போன தண்ணீர்தான் கிழக்கே வந்திருக்கிறது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். நாங்கள் உருவாக்கிய முறை, படத்தை அலைகளாகப் பிரித்துப் புரிந்துகொள்ளும். அந்த அலைகளுக்கு ஓரம் என்பது கிடையாது. ஊரில் கட்டுகிற மூட்டிய கைலியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நுனியும் சேர்த்துத் தைத்திருக்கும், எறும்பு ஒன்று வலது பக்கமாகவே நடந்துகொண்டிருந்தால் இடது பக்கமாக வந்து சேரும். எங்கள் முறைக்கு உலகமே மூட்டிய கைலிதான். அதனால்தான் படத்தைச் சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த பாடம்.

நாங்கள் அதைச் சேர்க்கவில்லை. தேவைப்பட்டதே இல்லை. அதற்குப் பயிற்சி கொடுத்தது முழுக்க இந்த நாட்டு நிலத்தில். கடலைத் தள்ளிவிட்டு, நாலு பக்கமும் கரை கட்டி, உள்ளே இருக்கும் தண்ணீரை இறைத்து வெளியே விட்டு உண்டாக்கிய நிலம். கரையைத் தாண்டித் தண்ணீர் தானாக வெளியேயும் போகாது, உள்ளேயும் வராது. ஓரத்தில் ஒன்றும் நடக்காத ஊரில் ஓரத்தைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? கரையே இல்லாமல் திறந்து கிடக்கிற எங்கள் நாஞ்சில் நாட்டை அதன் கையில் கொடுத்தவன் நான்.

6

அடுத்த வாரம் இந்த முறையை இங்கேயே மணல்மேட்டுக் கரையில் இருக்கும் ஒரு ஊருக்குக் கொடுப்பதாக இருந்தோம். அங்கேயும் நிலம் திறந்துதான் கிடக்கிறது. எங்கள் குழுத் தலைவர் ஹென்க்கிடம் பத்து நிமிஷத்தில் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். நல்லவேளை, இப்போதே தெரிந்தது என்றார். தவறுகளைப் பதிவு செய்ய எங்கள் அலுவலகத்தில் ஒரு படிவம் இருக்கிறது. என்ன நடந்தது, எப்படித் தெரிந்தது, யாருக்குப் பாதிப்பு. மூன்று பெட்டிகளையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். யாருக்குப் பாதிப்பு என்ற பெட்டியில் 'யாருக்கும் இல்லை' என்று எழுதினேன்.

அக்காவிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. அவளிடம் படிவம் இல்லை. போனை எடுப்பேன், கடையில் கூட்டமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வைத்துவிடுவேன். இத்தனை வருஷம் 'அவன் ஹாலந்துல பெரிய ஆளு' என்று அவள் சொல்லித் திரிந்தது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. அது போய்விடுமே என்று இருந்தது. அந்த மூன்று நாளும் அவள் வீடு வேண்டாம் என்று மனதை அடக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியிருப்பாள் என்பதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதற்குள் பழைய முறையில், கட்டம் கட்டமாக, அதே மழையை அரை நாள் ஓடவிட்டேன். படத்தையும் பெரிதாக வெட்டி, வட்டக்கோட்டைக் கரை வரைக்கும் சேர்த்துக்கொண்டேன். அக்காவின் இடத்தில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர் வந்தது. அதுவும் வடமேற்கே கால்வாய்ப் பக்கத்திலிருந்து வந்து, கிழக்கே இறங்கிப் போயிற்று. அவள் சொன்ன மாதிரியே.

நாலாம் நாள் காலையில் கூப்பிட்டேன். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"அப்ப தண்ணி வராதா?" என்றாள்.

"முழங்காலுக்குக் கீழதான்க்கா. தளத்த ரெண்டரை அடி ஏத்திக் கட்டினா போதும்."

அவள் குரலை உயர்த்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"பாஸ்டர்கிட்ட வேண்டாம்னு சொல்லியாச்சு. கொத்தனாரு வேற வேலைக்குப் போயிட்டாரு. ரெண்டு வாரமா நான் நேரத்துக்குத் தின்னல்ல, ஒறங்கல்ல, கேட்டியா. செத்தாலும் இந்த மாடியிலதான்னு மனச ஒருவழியா அடக்கி வச்சேன். இப்ப வந்து வராதுங்கே. உனக்கென்ன, போன வச்சிருவே."

"என் தப்புதான்க்கா."

"தப்பு உன் மெஷினுக்கா, உனக்கா?"

"எனக்குத்தான்."

"அன்னைக்கும் 'என் வேலையே அதான்'னு சொன்னே. இன்னைக்கு நான் எத நம்பி மண்ண வெட்ட?"

நியாயமான கேள்வி. யோசித்துவிட்டு, நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். இதற்கு முன் அங்கே பெரிய மழை பெய்தபோது தண்ணீர் எதுவரை நின்றது என்று யாருக்காவது தெரியுமா?

"பக்கத்து வயல்காரரு பொன்னுலிங்கத்துக்குத் தெரியும். அவருக்க மோட்டார் ரூம் நம்ம எடத்தவிட பள்ளத்துல. அதுக்க செவத்துல அடையாளம் கெடக்குன்னு சொல்லுவாரு" என்றாள். "நான் போயி அளந்து சொல்லுதேன். அந்த எடத்துக்கு, அந்த மழைக்கு நீயும் கணக்குப் போட்டு வையி. ஆனா எங்கிட்ட சொல்லப்பிடாது. சீட்டுல எழுதிக் கவுத்து வையி. நான் சொன்னப்பொறவு திருப்பு."

அந்த அடையாளம் விழுந்த வருஷம் பெய்த மழையின் அளவு பதிவுகளில் கிடைத்தது. இன்னொரு அரை நாள் ஓடவிட்டேன். விடையை ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி மேஜையில் கவிழ்த்து வைத்தேன். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இத்தனைக்கும் முடிவாகப் போவது அக்காவின் வீடு.

அவள் கடையைப் பூட்டிவிட்டு, கடையில் விற்கிற அளவு டேப்பையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போயிருந்தாள். வீடியோ அழைப்பில் மோட்டார் ரூம் சுவர் தெரிந்தது. நெற்றியில் நாமம் இட்ட பொன்னுலிங்கம் குனிந்து, மூன்றாவது கல்லுக்கு மேலே இருந்த மங்கிய மண் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"தம்பி, இதுக்கு ஹாலந்துல இருந்து கணக்கு வேணுமா? எங்கிட்ட கேட்டா போராதா?" என்று சிரித்தார்.

"பெஞ்ச மழைக்கு உங்ககிட்ட கேக்கலாம் அண்ணாச்சி. இனி பெய்யப்போற மழைக்கு?" என்றேன்.

"அது உள்ளதுதான்" என்று ஒத்துக்கொண்டார்.

அக்கா டேப்பைப் பிடித்தாள். "அறுபத்தெட்டு சென்டிமீட்டரு" என்றாள். "இப்ப திருப்பு."

என் சீட்டில் அறுபத்தொன்று என்று இருந்தது. கேமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினேன். ஏழு குறைகிறதே என்று நான் உள்ளுக்குள் சுருங்கினேன். அக்கா சீட்டைப் பார்த்துக்கொண்டே டேப்பைச் சுருட்டினாள்.

"செரி. அப்ப மூணடியாட்டு ஏத்திக் கட்டுதேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் அலுவலகப் படிவத்தைத் திறந்து, யாருக்குப் பாதிப்பு என்ற பெட்டியைத் திருத்தினேன். 'என் அக்காவுக்கு, இரண்டு வாரம்' என்று எழுதினேன்.

7

எங்கள் முறையைச் சரிசெய்துவிட்டோம். படத்தைச் சுற்றி ஓரம் சேர்த்து, திறந்த நிலங்களையும் காட்டி, மறுபடி பழக்கினோம். இனி நானும் ஒவ்வொரு புது நிலத்துக்கும் பழைய முறையில் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்காமல் யாருக்கும் விடை சொல்வதில்லை.

அந்த ஓரம் என்னவென்று அக்கா கேட்டாள். விடமாட்டாள்.

"படத்தச் சுத்தி ஒரு வெறும் எடம்க்கா. அதுல வீடும் கெடையாது, வயலும் கெடையாது. வெளிய போற தண்ணி அங்க போயி நிக்கும். அதனால உள்ள கணக்கு கெடாது. கடைசில அந்த ஓரத்த வெட்டிப் போட்டுருவோம்."

"வெட்டிப் போடுததுக்கா இவ்வளவு பாடு?" என்றாள்.

அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. எனக்கு நகராட்சி அலுவலகத் திரை ஞாபகம் வந்தது. பிறந்த ஊர்: தெரியவில்லை. இருபது வருஷமாக நான் நிற்பதும் அப்படி ஒரு ஓரத்தில்தானோ என்று அன்று முழுக்கத் தோன்றிக்கொண்டிருந்தது. அங்கே உள்ள கணக்கிலும் நான் இல்லை, இங்கே உள்ள கணக்கிலும் இல்லை. இதைச் சொன்னால் அக்கா சிரிப்பாள் என்று சொல்லவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கல் போட்டார்கள். ஆராதனை முடிந்து பதினொன்றரை மணிக்கு. இங்கே ஏழு மணி, இன்னும் விடிந்திருக்கவில்லை. மனைவி ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டாள். நான் அடுக்களை மேஜையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாஸ்டரின் ஜெபம் முடிந்தது. எல்லாருக்கும் கேக்கும் டீயும் கொடுத்தார்கள். கொட்டாரத்தில் நல்ல வெயில் அடித்தது. பொன்னுலிங்கம் வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டிருந்தார். ஷைனி தூக்கக் கலக்கத்தோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். "வெயில்" என்றாள், ஏதோ புது ஊரைப் பார்க்கிற மாதிரி.

எல்லாரும் போன பிறகு அக்கா போனைக் கையில் எடுத்துக்கொண்டு, கொத்தனார் சுண்ணாம்பால் கோடு போட்ட இடத்தை நடந்து காட்டினாள்.

"இது நடை. இது ஹாலு. இது அடுக்களை. இது எனக்கக் கட்டிலு போடுத முறி. பாரு, கதவத் தொறந்தா வயலு. பஸ்ஸு இல்ல."

கிழக்கு ஓரத்தில் இன்னும் ஒரு சதுரம் இருந்தது. அதைச் சொல்லாமல் தாண்டிப் போனாள்.

"கெழக்க அது என்னக்கா?"

"அதுவா? அதும் ஒரு முறிதான்."

"ஒருத்திக்கு எதுக்கு ரெண்டு முறி?"

அக்கா போனைத் திருப்பித் தன் முகத்தைக் காட்டினாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள்.

"கெழக்க இருந்து வரும் வரும்னு நீதானலே சொன்னே. தண்ணி வரல்ல. நீயாவது வா."

நான் வாயைத் திறப்பதற்குள், ஷைனி என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிப் போனை எடுத்தாள்.

"அத்தை, அந்த ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.